ரெண்டா, மூணா?

பதினொன்றாம் வகுப்பில் ஆக்சிஜனேற்ற எண் கணக்குகள் எனக்குப் பிடிக்கும். விதிகள் ஏழெட்டுதான். ஆக்சிஜனுக்கு மைனஸ் இரண்டு, ஹைட்ரஜனுக்குப் பிளஸ் ஒன்று, எல்லாம் சேர்ந்து பூஜ்யம் வரவேண்டும். மிச்சத்தைக் கழித்தால் விடை. வேதியியல் புத்தகத்திலேயே மனப்பாடம் செய்யாமல் மதிப்பெண் வாங்கக்கூடிய பகுதி அது ஒன்றுதான். ஒருநாள் மேக்னடைட் வந்தது. மூன்று இரும்பு, நான்கு ஆக்சிஜன். எட்டை மூன்றால் வகுக்கவேண்டும், 2.67. முழு எண் வராததைப் பார்த்து வகுப்பே ரப்பரைத் தேடியது. வாத்தியார் சிரித்தார். "ஒரு அணுவுக்கு ரெண்டு, மத்த ரெண்டு அணுவுக்கு மூணு. சராசரி எடுத்தா அப்படித்தான் வரும். ஒரு குடும்பத்துக்கு ரெண்டரைப் பிள்ளைன்னு கணக்கெடுப்புல போடுறான். அரைப் பிள்ளைய எங்கயாவது பாத்திருக்கியா?"

அந்த அரைப் பிள்ளை விளக்கம் எனக்குப் பதினைந்து வருஷம் தாங்கியது. சமாரியம் ஹெக்ஸாபோரைடு என்ற பொருளிடம் வந்தபோதுதான் தாங்கவில்லை. அதில் சமாரியத்தின் ஆக்சிஜனேற்ற எண் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 2.6. படிகத்தில் சமாரியம் உட்காரும் இடம் ஒரே வகைதான். ஒவ்வொரு கனசதுரத்தின் மூலையிலும் ஒரு சமாரியம், நடுவில் ஆறு போரான் அணுக்கள் கோத்த ஓர் எண்முகி. எந்த மூலையும் மற்ற மூலையைவிட உசத்தி இல்லை. இரண்டு வீட்டுக்காரன், மூன்று வீட்டுக்காரன் என்று பிரிக்க அங்கே தெருவே கிடையாது.

இதை எனக்கு அறிமுகப்படுத்தியவன் என் ஹாஸ்டல் அறைத்தோழன். இருவரும் எலக்ட்ரானிக்ஸ். கேம்பஸில் ஒரே கம்பெனியில் சேர்ந்தோம். இரண்டாம் வருஷ முடிவில் அவன் வேலையை விட்டுவிட்டு இயற்பியல் படிக்கப் போனான். அங்கிருந்து ஜெர்மனிக்கு பி.எச்டி. நான் பெங்களூரில் பணப் பரிவர்த்தனைகளுக்கான நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு ரூபாய் இங்கே கழிந்தால் அங்கே ஒரு ரூபாய் கூடவேண்டும், நடுவில் எங்கேயும் தொங்கக்கூடாது என்பதுதான் என் பிழைப்பு. ஒருநாள் ராத்திரி போன் செய்தான். "மச்சி, எனக்கு ஒரு சின்ன உதவி. ஒரு கிராஃப்ல ரெண்டு மேடு இருக்கு. ரெண்டோட பரப்பையும் தனித்தனியா எடுத்துக் குடுக்கணும். உனக்கு ஒரு வீக்கெண்டு வேலைடா." மூன்று வருஷம் ஆனது.

மேடுகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்லவேண்டும். பொருளின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் அணுவின் உள்கூட்டிலிருந்து எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். என்ன வேகத்தில் வருகிறது என்று அளந்தால், எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது என்று தெரிந்துவிடும். 2+ சமாரியத்திலிருந்து வரும் எலக்ட்ரான் சுமார் 1073 எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு மேடாகத் தெரியும். 3+ சமாரியம் எலக்ட்ரானைக் கூடுதலாக இறுக்கிப் பிடிப்பதால் அதன் மேடு பத்து எலக்ட்ரான்வோல்ட் தள்ளி, 1083-க்கு அருகே. ஹெக்ஸாபோரைடில் இரண்டு மேடும் இருக்கும். பரப்புகளின் விகிதம்தான் 2.6 என்ற எண்ணைத் தருகிறது.

அப்படியானால் வாத்தியார் சொன்னதுதானே சரி, சில அணு இரண்டு, சில அணு மூன்று? நானும் அதைத்தான் கேட்டேன். அவன் 1970-இல் வந்த ஒரு கட்டுரையை அனுப்பினான். அதில் இதே பொருளை மாஸ்பவர் முறையில் அளந்திருந்தார்கள். அது அணுக்கருவைக் கொண்டு அளக்கும் முறை. ஒவ்வொரு அளவீட்டுக்கும் சில நானோ நொடிகள் எடுத்துக்கொள்ளும். அதில் இரண்டு கோடுகள் இல்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு. ஒரே பொருள், ஒரு கருவி இரண்டு பேரைக் காட்டுகிறது, இன்னொன்று நடுவில் ஒருவனைக் காட்டுகிறது.

ஓடும் மின்விசிறியை வெறும் கண்ணால் பார்த்தால் சாம்பல் நிற வட்டம். நல்ல வெளிச்சத்தில் போனில் படம் எடுத்தால் மூன்று இறக்கை தனித்தனியாக நிற்கும். எக்ஸ் கதிர் எடுக்கும் படத்தின் ஷட்டர் நானோ நொடியைவிடப் பல லட்சம் மடங்கு வேகமானது. அந்த நொடியில் பிடிபட்ட அணு ஒன்று 2+ ஆக இருக்கும், அல்லது 3+ ஆக. மாஸ்பவருக்கு அந்த வேகம் இல்லை. அதற்கு வட்டம்தான் தெரியும். உவமை இங்கே கொஞ்சம் பொய் சொல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இறக்கை எப்போதும் ஏதோ ஓரிடத்தில் இருக்கிறது. சமாரியத்தின் ஆறாவது எஃப் எலக்ட்ரான் அப்படிக்கூட இல்லை. அது வீட்டுக்குள்ளும் இல்லாமல் தெருவிலும் இல்லாமல் திண்ணையில் இருக்கிறது. உள்ளே என்று எண்ணினால் அணு 2+. படிகம் முழுவதற்கும் பொதுவான டி பட்டைக்குப் போய்விட்டது என்று எண்ணினால் 3+. ஒவ்வொரு அணுவும் இந்த இரண்டு நிலைகளின் கலவை.

சமாரியத்துக்கு 2+ என்பதே சற்று வழக்கத்துக்கு மாறான நிலைதான். அரிய மண் தனிமங்களின் இயல்பு 3+. கரிம வேதியியல்காரர்கள் பயன்படுத்தும் சமாரியம் டை அயோடைடு கரைசல் ஆழ்ந்த நீலம். காற்றுப் பட்டால் நீலம் போய்விடும், 2+ போய் 3+ ஆகிவிட்டது என்று அர்த்தம். சமாரியம் சல்ஃபைடு இதைவிட நாடகத்தனமானது. கறுப்புக் குறைக்கடத்தி. சுமார் 6.5 கிலோபார் அழுத்தம் கொடுத்தால் பொன்னிறமாகி உலோகம்போல் மின்சாரம் கடத்தும். 1970-இல் பெல் ஆய்வகத்தில் இந்த மாற்றத்தைக் கண்டவர்களில் முதல் பெயர் ஏ. ஜெயராமன். பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆய்வு கற்றவர். பின்னாளில் ராமனைப் பற்றி ஒரு நினைவு நூலும் எழுதினார். நான் தினமும் கடந்துபோகும் சாலையில்தான் ராமன் ஆய்வுக் கழகம் இருக்கிறது. அதன் மதிலைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் நோபல் பரிசு நினைவுக்கு வருவதில்லை, நசுக்கினால் தங்க நிறமாகும் அந்தக் கறுப்புப் படிகம்தான் வருகிறது.

ஹெக்ஸாபோரைடின் கதைக்கு வருவோம். 1969-லேயே அதை ஒரு விசித்திரமான குறைக்கடத்தி என்று பெல் ஆய்வகம் பதிவு செய்துவிட்டது. குளிர்வித்தால் மின்தடை ஏறும், பத்தாயிரம் மடங்குக்கும் மேல். அது சரி, காப்பான்கள் அப்படித்தான். ஆனால் சுமார் 4 கெல்வினுக்குக் கீழே ஏற்றம் நின்றுவிடும். கிராஃப் மேசைபோல் தட்டையாகிவிடும். எங்கோ ஏதோ ஒன்று மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே இருக்கிறது. அசுத்தம் என்று சொல்லி நாற்பது வருஷம் ஓட்டினார்கள். படிகத்தை இன்னும் சுத்தமாக வளர்த்தார்கள், மேசை போகவில்லை.

2010-இல் மாக்சிம் ட்ஸெரோ, பியர்ஸ் கோல்மன் உள்ளிட்ட நால்வர், இத்தகைய பொருள்கள் டோப்பாலஜிக் காப்பான்களாக இருக்கலாம் என்று எழுதினார்கள். இந்த இடத்தில் எல்லோரும் காப்பிக் கோப்பையையும் ஓட்டை வடையையும் கொண்டுவருவார்கள். எனக்கு அதனால் ஒரு காலத்திலும் எதுவும் புரிந்ததில்லை, விட்டுவிடுகிறேன். நண்பன் சொன்ன விதம் இது: உள்ளே எஃப் பட்டையும் டி பட்டையும் குறிப்பிட்ட சில இடங்களில் மேல்கீழாக இடம் மாறியிருக்கின்றன. வெளியே, அதாவது வெற்றிடத்தில், எல்லாம் வழக்கமான வரிசை. இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்குப் போகவேண்டுமானால் எல்லையில் ஆற்றல் இடைவெளி மூடித்தான் ஆகவேண்டும். இடைவெளி மூடிய இடத்தில் மின்சாரம் ஓடும். ஆகவே உள்ளே காப்பான், எல்லையில் கடத்தி. 2012, 2013-இல் பல குழுக்கள் தனித்தனியாக அளந்து, குறைந்த வெப்பநிலையில் மின்சாரம் மேற்பரப்பில்தான் ஓடுகிறது என்று காட்டின.

அந்த இடம்மாற்றம் நடக்க எஃப் எலக்ட்ரான் பாதி உள்ளே பாதி வெளியே இருந்தாகவேண்டும். முழுக்க 2+ என்றால் இடம்மாற்றமே இல்லை, சாதாரணக் காப்பான். முழுக்க 3+ என்றால் உலோகம். ஆகவே 2.6 என்பது பொருளின் அங்க அடையாளம் மட்டும் அல்ல, கோட்பாடே அதன்மேல்தான் நிற்கிறது. என் நண்பனின் ஆய்வு இதே பொருளின் மென்படலங்கள் பற்றியது. இருபது, ஐம்பது நானோமீட்டர் தடிமன்.

அவனுடைய தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். அவனுக்கு விசா சிக்கல், வரமுடியவில்லை. பந்தியில் அவன் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, இவன் அங்க என்னதான் பண்றான்? கேட்டா படம் எடுக்கறேங்கறான், படலங்கறான். முப்பத்தி நாலு வயசு ஆச்சு." எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். குளிரக் குளிரத் தடை ஏறும் என்றதும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "கம்பின்னா குளுந்தா குறையும்ல?" கம்பி உலோகம், இது வேற என்றேன். ஒத்துக்கொண்டார். மின்சாரம் மேல்பரப்பில் மட்டும் ஓடும் என்றபோது ரசத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு யோசித்தார்.

"அலுமினியக் கம்பிய ஜாயின்ட் போடும்போது மேல சொரண்டிட்டு கிரீஸ் தடவித்தான் போடணும். இல்லேன்னா காத்துப் பட்டு வெள்ளையாப் படலம் புடிச்சிக்கும். கரண்ட் ஏறாது, சூடாயி பொசுங்கிப்போயிடும். உங்க சாமான்லயும் மேல அப்படிப் புடிக்காதா? புடிச்சா கரண்ட் எதுல ஓடும்?"

நான் அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பதினோரு மாதம் கழித்து, அவன் அனுப்பிய ஆய்வுக்கட்டுரைக்கு ஒரு மதிப்பீட்டாளரின் பதில் வந்தது. முகம் தெரியாத அந்த மனிதர் இரண்டு பக்க ஆங்கிலத்தில் கேட்டிருந்ததும் இதையேதான்.

பிடிக்கும். நன்றாகவே பிடிக்கும். மென்படலத்தை ஸ்பட்டரிங் முறையில் செய்கிறார்கள்: அயனிகளால் ஒரு வில்லையை அடித்து அதிலிருந்து தெறிக்கும் அணுக்களைச் சூடான சிலிக்கான் தட்டில் படியவைப்பது. ஹெக்ஸாபோரைடு வில்லையை மட்டும் அடித்தால் படலத்தில் போரான் குறைந்துவிடும். அதற்காகப் பக்கத்தில் தனியாக ஒரு போரான் வில்லையையும் வைத்து அடிப்பார்கள். மேரிலாண்ட் குழு 2014-இல் அப்படித்தான் செய்தது. வெளியே எடுத்ததும் காற்று. மேலே உள்ள சமாரியம் ஆக்சிஜனோடு சேர்ந்து 3+ ஆகிவிடும். ஆய்வகத்துச் சாதாரண எக்ஸ் கதிர்க் கருவியில் வெளிவரும் எலக்ட்ரான் ஏறக்குறைய 1 நானோமீட்டர் பயணத்திலேயே ஆற்றலை இழக்கத் தொடங்கிவிடும், ஆகவே அந்தக் கருவி பார்ப்பது மேல்தோலைத்தான். அவனுடைய பழைய படலங்களில் 1083-இல் பெரிய மேடு. 1073-இல் உற்றுப் பார்த்தால் ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். மின்தடையில் மட்டும் மேசை அழகாக நின்றது.

இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. முதல் விளக்கம் டோப்பாலஜிக்காரர்களுடையது: கடத்தும் பரப்பு என்பது மேலே உள்ள அணுக்களின் சொத்து அல்ல, இரண்டு வரிசைகளுக்கு நடுவிலுள்ள எல்லையின் சொத்து. மேலே மூன்று நானோமீட்டர் ஆக்சைடாகிவிட்டால் எல்லை மூன்று நானோமீட்டர் உள்ளே தள்ளிப்போகும். ஆறு கரையை அரித்தால் கரை இல்லாமலா போகிறது, உள்ளே நகர்கிறது. இரண்டாம் விளக்கம் லைன் இன்ஸ்பெக்டர் வகை: மேலே இருப்பது அழுக்கு, அழுக்கும் கொஞ்சம் கடத்தும், அதைத்தான் நீ மேசை என்கிறாய். இரண்டுக்கும் ஒரே கிராஃப்தான் வரும். மின்தடையை ஆயிரம் முறை அளந்தாலும் இவற்றைப் பிரிக்கமுடியாது. எந்த ஆழத்தில் எந்த ஆக்சிஜனேற்ற நிலை என்று தெரிந்தால்தான் வழக்கு நகரும். என் வீக்கெண்டு வேலை அப்படித்தான் அவனுடைய ஐந்து வருஷத்துக்குச் சாட்சியாகிப்போனது.

படலம் வேண்டாம், காற்றே படாத வெற்றிடத்தில் படிகத்தை உடைத்து அளக்கலாமே என்று கேட்கலாம். உடைத்தார்கள். அங்கேயும் மேற்பரப்பை ஒட்டிய பகுதியில் 3+ பங்கு உள்ளே இருப்பதைவிட வேறுபடுகிறது என்று அளவீடுகள் வந்திருக்கின்றன. தூய சமாரியம் உலோகத்தில் இதற்கு நேரெதிர்: உள்ளே 3+, மேல் அடுக்கு 2+ ஆக மாறிக்கொள்ளும், 1978-லேயே கண்டது. விளிம்பில் இருக்கும் அணுவுக்கு அண்டைவீட்டார் குறைவு. அதனால் அதன் கணக்கே வேறு. இருபது நானோமீட்டர் படலத்தில் விளிம்பு எங்கே முடிகிறது, உள்ளே எங்கே தொடங்குகிறது? படிகத்தில் ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வி படலத்தில் முழு வீட்டையும் ஆக்கிரமித்துக்கொள்கிறது.

இனி மேடுகளின் பரப்பு. இரண்டு வளைவுகளைப் பொருத்திப் பரப்பு எடுப்பது பைத்தானில் முப்பது வரி. வில்லங்கம் மேட்டுக்குக் கீழே உள்ள தரையில் இருந்தது. வெளியே வரும் எலக்ட்ரான்களில் பல வழியில் கொஞ்சம் ஆற்றலை இழந்துவிட்டு வரும். 1073-இல் வந்திருக்கவேண்டிய ஆள் தாமதமாக 1080-இலோ 1085-இலோ வந்து நிற்பான், 3+ மேட்டின் கூட்டத்துக்குள். அவனை யார் கணக்கில் எழுதுவது? ஷெர்லி முறை என்று ஒன்று 1972 முதல் இருக்கிறது, டூகார்ட் முறை என்று இன்னொன்று. இரண்டும் தரையை வெவ்வேறாக வரையும். தரை மாறினால் ஆக்சிஜனேற்ற எண்ணின் இரண்டாம் தசம இலக்கம் ஆடும். மோசமான நிறமாலையில் முதல் இலக்கமே ஆடும். ஆனால் நிரல் விடையோடு சேர்த்து அச்சிடும் பிழை அளவு ரொம்பச் சின்னதாக இருக்கும். அந்த எண்ணுக்கு இரைச்சல் மட்டும்தான் தெரியும், நாம் போட்ட தரை சரியா என்பது தெரியாது. எனக்கு இது புள்ளியியல் பாடத்தில் எப்போதோ படித்த வாக்கியம். அவனுக்குச் சோறு.

நான் என் தொழில் புத்தியோடு, எந்தத் தரையில் எச்சம் குறைவோ அதை நிரலே தேர்ந்தெடுத்து ஒரே எண்ணைத் தரட்டும் என்றேன். அவனுடைய வழிகாட்டிக்கும் சுருக்கத்தில் போட ஒரே எண்தான் வேண்டும். அவன் மறுத்துவிட்டான். "எச்சம் கம்மியா இருந்தா வளைவு அழகா உக்காந்திருக்குன்னு அர்த்தம். உண்மைன்னு அர்த்தம் இல்லடா. எல்லாத் தரையையும் போட்டு எல்லா எண்ணையும் காட்டு." ஒரு படலத்துக்கு ஆறு எண் வந்தது. வழிகாட்டி கோபித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். கட்டுரை இன்னும் நான்கு மாதம் தள்ளிப்போனது. உதவித்தொகை முடிய ஏழு மாதம் இருந்தது.

கடைசியாக ஹாம்பர்க்கில் இருக்கும் பெட்ரா 3 சிங்க்ரோட்ரானில் நேரம் கிடைத்தது. ஆறு ஷிஃப்ட், அதாவது இரண்டு நாள். அங்கே எக்ஸ் கதிரின் ஆற்றல் ஆய்வகக் கருவியைப்போல நான்கு மடங்கு. அதனால் வெளிவரும் எலக்ட்ரான் வேகமானது, ஐந்து பத்து நானோமீட்டர் ஆழத்திலிருந்துகூடத் தப்பித்து வரும். இரண்டு படலங்கள் கொண்டுபோனான். ஒன்று ஒரு வருஷமாகக் காற்றில் கிடந்தது. மற்றதை வெற்றிடத்துக்குள் இருக்கும்போதே மெல்லிய சிலிக்கான் படலத்தால் மூடியிருந்தான். லைன் இன்ஸ்பெக்டரின் கிரீஸ்தான், வேறென்ன.

இரண்டு ராத்திரியும் கோப்புகள் வர வர நான் பெங்களூரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மூடிய படலத்தில் இரண்டு மேடுகளும் எழுந்து நின்றன, எந்தத் தரையைப் போட்டாலும். காற்றில் கிடந்த படலத்தில் நேராகப் பார்த்தபோது 1073 மேடு தெளிவாக இருந்தது. சாய்த்து, மேல்தோலை மட்டும் பார்க்கும் கோணத்துக்கு வந்ததும் மங்கியது. மேலே சில நானோமீட்டர் 3+, அதற்குக் கீழே கலவை உயிரோடு இருக்கிறது. இரண்டு படலத்திலும் மின்தடை மேசை கிட்டத்தட்ட ஒரே உயரம். அழுக்குத்தான் கடத்துகிறது என்றால் அழுக்கு படியாத படலத்தில் மேசை இருந்திருக்கக்கூடாது. விடிகாலை நாலு மணிக்கு, "மச்சி, உங்கப்பாவுக்குப் போன் போடு" என்று செய்தி அனுப்பினேன். பதிலுக்கு அவன் அனுப்பியது ஒரு கேள்வி. "சிலிக்கானுக்கும் படலத்துக்கும் நடுவுல சமாரியம் சிலிசைடு உண்டாகியிருந்தா?"

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கேட்டது நியாயம். கலவையும் 3+ உம் கத்தியால் வெட்டியதுபோல் ஓர் ஆழத்தில் பிரியவில்லை. 2+ பங்கு கீழே போகப் போக மெல்லக் கூடுகிறது. கோட்பாடு பேசும் எல்லை எங்கே என்று விரல் வைக்க இந்தத் தரவில் இடமில்லை. ஆய்வேட்டில், மேற்பரப்பு ஆக்சைடு மட்டுமே மேசைக்குக் காரணமாக இருக்கமுடியாது என்று எழுதினான். டோப்பாலஜி நிறுவப்பட்டது என்று எழுதவில்லை. வெளியுலகிலும் நிலைமை அப்படித்தான். 2018-இல் ஒரு குழு இந்தப் பொருளின் மேற்பரப்புக் கடத்தல் சாதாரணமானதுதான், டோப்பாலஜி தேவையில்லை என்று வெளியிட்டது. 2020-இல் இன்னொரு குழு ஊடுருவு நுண்ணோக்கியில், கோட்பாடு எதிர்பார்த்த கனத்த எலக்ட்ரான்களைப் பார்த்தோம் என்றது. எனக்கு இரண்டாவது பக்கம் சாய்வு உண்டு. நண்பனின் பக்கத்தில் நின்றதால் வந்த சாய்வாகவும் இருக்கலாம். இழுத்துப் பிடித்த படிகத்தில் இந்தப் பரப்புக் கடத்தல் 240 கெல்வின் வரை மேலோங்கியிருப்பதாக 2017-இல் ஓர் அளவீடு வந்தது. 2+ சமாரியம் உருவில் பெரியது, இழுத்தால் அதற்கு வசதி. படலத்தை அடித்தட்டே இழுத்துப் பிடிக்கும்படி வளர்த்தால் என்ன என்பது அவனுக்கு மிச்சமிருந்த ஆசை. உதவித்தொகை மிச்சமில்லை.

பட்டம் வாங்கிவிட்டான். இப்போது அங்கேயே எலக்ட்ரான் நுண்ணோக்கி செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறான். எலக்ட்ரானை உமிழும் முனைக்கு அவர்கள் லாந்தனம் ஹெக்ஸாபோரைடு வைக்கிறார்கள். அதே கனசதுரம், சமாரியத்தின் இடத்தில் லாந்தனம். அது எப்போதும் 3+, தொந்தரவே இல்லை என்று சொல்லிச் சிரித்தான். அவன் அப்பா எனக்குப் போன் செய்து, "முடிஞ்சிருச்சாம்ல தம்பி. கடைசில கரண்ட் எதுல ஓடுதாம்?" என்றார். ஆக்சைடுக்குக் கீழே என்று சொன்னேன். "அப்ப சொரண்ட வேண்டியதில்ல" என்றார்.

அந்தக் குழுவில் அவன் இடத்துக்கு வந்திருக்கும் மாணவி போன வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். அடித்தட்டால் இழுக்கப்பட்ட படலங்கள்தான் அவளுடைய வேலை. நானூறு நிறமாலைகள் கையில் இருக்கின்றனவாம். நிரலில் தரையை எதுவும் முன்கூட்டியே தேர்ந்து வைக்கவில்லையே, மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தாள். மறக்கவில்லை, ஒவ்வொன்றையும் பார்த்து நீங்கள்தான் சொல்லவேண்டும் என்று பதில் போட்டேன். நானூறையுமா என்று கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை பேசுவதாக இருக்கிறோம்.